கறுப்பு ஆகாதாம்!

பிறந்த குழந்தைக்குக் கண் தெரியாது என்கிறார்கள். பூனைக்குட்டி கண்ணை மூடிக்கொண்டு பிறக்கிறது. மனிதக் குழந்தையோ கண்ணைத் திறந்துகொண்டே குருடாகப் பிறக்கிறதாம்! நாட்டுப்புறத்திலே மட்டும் உலவும் பேச்சன்று இது. பட்டம் பெற்றவர் வீட்டுக் கூடத்திலும் நாம் கேட்டிருக்கிறோம். தெரியாத கண்ணுக்கு வெளிச்சம் எதற்கு என்று பேறு நடந்த வீட்டிலே சன்னலை அடைக்கிறார்கள். தெரியாவிட்டாலும் அழகாக இருக்கட்டும் என்று மை தீட்டுகிறார்கள். ஊரார் கண் பட்டுவிடும் என்று அஞ்சிக் கன்னத்திலே கரும்பொட்டு வைக்கிறார்கள். ஊரார் கண்ணைப் பற்றி இவ்வளவு கவலை! குழந்தையின் கண்ணைப் பற்றியோ, அது எதைப் பார்க்கிறது, எவ்வளவு பார்க்கிறது என்று கேட்பார் இல்லை.

கேட்டார் ஒருவர். அமெரிக்க நாட்டிலே, கிளீவ்லாந்து நகரத்து வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக் கழகத்திலே உளநூல் ஆராய்ந்த ராபர்ட் ஃபான்ட்ஸ். பேச்சு வராத, தலையை நிமிர்த்தவும் வலுவில்லாத பச்சைக் குழந்தையிடம், "உனக்கு என்ன தெரிகிறது?" என்று எப்படிக் கேட்பது? அவர் கண்ட வழி மிக எளிது. பெட்டி போன்றதொரு கூட்டில் குழந்தையை மல்லாத்திப் படுக்க வைத்தார். மேலே படத்தைக் காட்டினார். மேற்பலகையில் ஒரு சிறு துளை. அதன் வழியே குழந்தையின் விழியை உற்று நோக்கினார். படத்தின் நிழல் கண்மணியின் நடுவே விழுந்தால், குழந்தை அந்தப் படத்தைப் பார்க்கிறது என்பது பொருள். எத்தனை நொடி பார்க்கிறது என்று கணக்கெடுத்தார். மந்திரமில்லை, மாயமில்லை — ஒரு துளையும் ஒரு கடிகாரமும்!

1963இல் அவர் வெளியிட்ட ஆய்விலே 18 குழந்தைகள். பிறந்து ஐந்து நாளும் நிரம்பாதவர்கள். ஆறு வட்டுகள் காட்டப்பட்டன. முகம் வரைந்தது ஒன்று, வட்டத்துள் வட்டமாக வரைந்தது ஒன்று, அச்சடித்த செய்தித்தாள் துண்டு ஒட்டியது ஒன்று; மற்ற மூன்றும் வெறும் வெள்ளை, வெறும் மஞ்சள், வெறும் சிவப்பு. வெறும் வண்ணங்களைவிட, கறுப்பும் வெள்ளையுமாகக் கோலம் கொண்ட வட்டுகளையே குழந்தைகள் நெடுநேரம் நோக்கின. அவற்றுள்ளும் முகத்தையே மிகுதியாக! (செய்தித்தாளைக்கூட விடவில்லை, பாருங்கள். பிறந்த ஐந்தாம் நாளுக்குள் ஏட்டை உற்று நோக்கும் மனிதன், வளர்ந்த பிறகு அதே ஏட்டிலே இராசிபலன் கட்டத்தை மட்டும் தேடுகிறானே, இடையிலே யார் கெடுத்தது அவன் கண்ணை?)

பார்வை உண்டு, ஆனால் கூர்மை குறைவு. ஒரு மாதம் ஆகாத குழந்தை 10 அங்குலத் தொலைவிலே, ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு தடித்த கோடுகளைத்தான் கோடுகளாக அறிகிறது. அதைவிட மெலிந்தவை அதற்குச் சாம்பல் பூசிய பரப்பு. ஆறு மாதத்திலோ, அதே தொலைவில் அறுபத்து நான்கில் ஒரு பங்குக் கோட்டையும் காண்கிறது. ஆறே மாதத்தில் எட்டு மடங்கு! இதுவும் ஃபான்ட்ஸ் குழுவினர் அளந்து சொன்னதே.

ஏன் இந்த மங்கல்? விழியின் உட்புறத்துப் படலம் விழித்திரை. அதன் நடுவே ஒரு சிறு குழி. ஊசியிலே நூல் கோப்பதும், ஏட்டிலே எழுத்துக் கூட்டுவதும், எதிரே வருபவர் இன்னார் என்று அறிவதும் அந்தக் குழியிலே நெருங்கி நிற்கும் கூம்பு வடிவ உயிரணுக்களின் வேலை. பிறந்த குழந்தைக்கு அந்த அணுக்கள் குட்டையாய், தடித்து, விலகி நிற்கின்றன. அவை நீண்டு, மெலிந்து, நெருங்கி, முழு வடிவம் பெற நான்கு ஆண்டளவு ஆகிறது. விழியிலிருந்து மூளைக்குச் செல்லும் வழியும் அப்போதுதான் செப்பனிடப்பட்டு வருகிறது. ஆகவே, ஒளிக்கும் இருளுக்கும் வேற்றுமை பெரிதாக இருந்தால்தான் செய்தி போய்ச் சேரும். வெளிர்நீலம், வெளிர்சிவப்பு என்று நாம் பார்த்துப் பார்த்து வாங்கும் சட்டைகள் குழந்தைக்கு ஏறத்தாழ ஒரே மங்கல்தான். ஆணுக்கு நீலம், பெண்ணுக்கு இளஞ்சிவப்பு என்று கடைக்காரர் வகுத்திருக்கும் வருணாசிரமம் அந்தக் கண்ணுக்குத் தெரியாது! மூன்று நான்கு மாதம் ஆனபிறகே வண்ணங்கள் ஓரளவு நமக்குப் போல விளங்குகின்றன. அதுவரை அதன் உலகிலே ஓங்கித் தெரிவன விளிம்புகளே: கறுப்பு முடிந்து வெள்ளை தொடங்கும் இடங்கள்.

தொலைவு எவ்வளவு? ஒரு சாண் முதல் ஒன்றரைச் சாண் வரை. தாய் மடியில் கிடந்து பால் குடிக்கும் குழந்தையின் கண்ணுக்கும் தாயின் முகத்துக்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ அதுவே.

இவ்வளவும் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? அதிலும் நாம் பள்ளியாசிரியர். அட்டையும் மையும் கைக்கெட்டும் தொலைவிலேயே இருப்பவர். கடந்த ஆண்டு நம் அக்காள் தலைப்பிள்ளைப் பேற்றுக்குத் தாய்வீடு வந்தார். பெண் குழந்தை. தாய்மாமன் சீர் என்ன கொண்டுவரப் போகிறான் என்று உறவினர் எல்லாம் எதிர்பார்த்திருந்த வேளையிலே, நாம் கொண்டு சென்றது மூன்று வெள்ளை அட்டை! ஒன்றிலே இரு விரற்கடை அகலத்தில் கறுப்புப் பட்டைகள். ஒன்றிலே சதுரங்கப் பலகை போலப் பெரிய கட்டங்கள். மூன்றாவதிலே ஒரு முகம் — இரண்டு கரிய கண், ஒரு வாய், தலையைச் சுற்றித் தடித்த கோடு. செலவு, அரைப்புட்டி இந்தியன் இங்க். ஓவியம் என்று சொல்லத் தக்கதன்று. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பார்த்தால் சிரிப்பார்கள். பார்க்க வேண்டியவருக்குச் சிரிக்கவும் தெரியாத வயது என்பதால் துணிந்து எடுத்துச் சென்றோம்.

வாசலிலேயே மறிப்பு. "பச்சைப்பிள்ளை இருக்கிற இடத்திலே கறுப்பைக் காட்டாதேப்பா, ஆகாது" என்றார் அம்மா.

"கன்னத்திலே வைத்திருக்கிறீர்களே, அது என்ன நிறம் அம்மா?"

"அது திருஷ்டிக்கு."

"இது பார்வைக்கு!" என்றோம். திருஷ்டி என்ற வடசொல்லுக்கும் பார்வை என்றுதானே பொருள்! அம்மாவுக்கு அகராதியிலே அவ்வளவு ஈடுபாடு கிடையாது. ஆனால் அக்காள் உள்ளேயிருந்து, "கொண்டு வாடா இங்கே" என்று குரல் கொடுத்துவிட்டார்.

இந்தக் 'கறுப்பு ஆகாது' என்பதை எண்ணிப் பாருங்கள், தோழர்களே! கரும்பொட்டு ஆகும்; கைக்குக் கருவளை ஆகும்; இடுப்பிலே கறுப்புக் கயிறு ஆகும். எங்கே கறுப்பு பயனற்றதோ அங்கெல்லாம் ஆகும். குழந்தையின் கண்ணெதிரே, அது உண்மையாகவே பயன்படும் ஒரே இடத்திலே ஆகாது! நிறத்திலே நல்லது கெட்டது கண்டவர்கள்தாம் 1946இல் மதுரையிலே கருஞ்சட்டை மாநாட்டுப் பந்தலுக்குத் தீ வைத்தவர்கள். கறுப்புச் சட்டையும் வெள்ளை வேட்டியும் அணிந்து ஒருவர் குனிந்து நின்றால், பிறந்த குழந்தைக்கு அதைவிடத் தெளிவான காட்சி வேறில்லை என்பதை இயக்கத் தோழர்கள் பெருமையுடன் குறித்துக்கொள்ளலாம்.

மையிடுவதற்கு வருவோம். கண் பெரிதாகும் என்பதற்காகவாம்! பிறக்கும்போது குழந்தையின் விழி முன்பின்னாக ஏறத்தாழ 17 மில்லிமீட்டர், வளர்ந்தவருக்கு 24. மை தீட்டிய கண்ணும், தீட்டாத கண்ணும், மையே அறியாத நாட்டினர் கண்ணும் அந்த அளவுக்குத்தான் வளர்கின்றன. கைவிரலின் அழுக்கு கண்ணுக்குள் போவதும், கண்ணீர் வடியும் நுண்குழாய் அடைபடுவதுமே மையின் ஆதாயம். கடைகளில் விற்கும் மை, சுருமா வகைகள் சிலவற்றிலே ஈயம் கலந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள். அது குழந்தையின் மூளைக்கே நஞ்சு. தாய்ப்பாலைக் கண்ணில் பீய்ச்சுவது, விளக்கெண்ணெய் விடுவது எல்லாம் இந்த வரிசையே. அரசினர் மருத்துவமனைச் செவிலியர் ஒருவர் அக்காளிடம், "கண்ணிலே எதுவும் விடாதீங்க, முகத்தைக் காட்டிப் பேசுங்க" என்று ஒரே வரியிலே சொல்லியனுப்பினார். பத்து நூல் படித்து நாம் அறிந்ததை அவர் பத்துச் சொல்லுக்குள் அடக்கிவிட்டார்.

அட்டைகளைக் குழந்தை பார்த்ததா? பார்த்தது. தலை சாய்ந்திருந்த பக்கத்திலே, ஒரு சாண் தள்ளிப் பட்டை அட்டையைப் பிடித்தபோது, அலைந்துகொண்டிருந்த விழிகள் கறுப்பும் வெள்ளையும் சேரும் விளிம்பிலே வந்து நின்றன. மெல்ல நகர்த்தினால், சற்றுத் தயங்கி, இழுத்து இழுத்துப் பின்தொடர்ந்தன. ஒரு நிமிடம், சில வேளை இரண்டு நிமிடம். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அந்தத் திருப்பம் முக்கியம். 'போதும்' என்று சொல்ல அதற்குள்ள ஒரே வழி அதுதான். திருப்பிய பக்கமெல்லாம் அட்டையைக் கொண்டுபோய் நீட்டும் பெரியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். பத்து நாள் குழந்தைக்கும் தன்மதிப்பு உண்டு. மறுக்கும் உரிமை உண்டு. பசியின்றி, உறக்கமின்றி, அழுகையின்றி விழித்திருக்கும் சிறு பொழுதுகளிலே காட்டுவதும், திரும்பினால் எடுத்துவிடுவதும் போதும்.

வீட்டிலே அப்பத்தா இருந்தார். நம் தந்தையைப் பெற்றவர். எண்பதை எட்டும் வயது. முப்பது நிரம்புமுன் கணவரை இழந்தவர். மருத்துவமனையிலிருந்து அக்காளும் குழந்தையும் வந்து இறங்கி, வாசலிலே ஆலம் சுற்றிய நேரத்தில் அப்பத்தா கொல்லைப்புறத்துக்குப் போய்விட்டார். போ என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லாத அளவுக்கு ஐம்பது ஆண்டு பழக்கியிருந்தார்கள். அதற்குப் பிறகும், கொள்ளுப்பேத்தி கிடந்த அறையின் நிலைப்படி வரை வருவார், தலையை நீட்டுவார், போய்விடுவார். 1929இல் செங்கற்பட்டு மாநாட்டிலே கைம்பெண்ணின் மறுமண உரிமைக்குத் தீர்மானம் நிறைவேற்றிய இயக்கத்தின் ஏடுகள் அந்த வீட்டு அலமாரியிலே அடுக்கி வைக்கப்பட்டிருந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மூன்றாவது வாரம் ஒரு முற்பகல். அக்காள் குளிக்கப் போக வேண்டும். அம்மா கடைத்தெருவுக்குப் போயிருந்தார். "அப்பத்தா, கொஞ்சம் பிள்ளையை வைத்துக்கொள்" என்றார் அக்காள்.

"நான் எதுக்குத்தா? அம்மா வரட்டுமே" என்று பின்வாங்கினார் அப்பத்தா. அக்காள் கேட்கவில்லை. கிழவியைத் தரையிலே உட்கார வைத்து, நீட்டிய காலின்மேல் குழந்தையைக் கிடத்திவிட்டுப் போய்விட்டார்.

அப்பத்தா குனிந்தார். கரிய முகம், பொட்டில்லாத அகன்ற நெற்றி, அதன்மேல் பஞ்சு போல வெளுத்த தலைமயிர். நெற்றி முடிந்து மயிர் தொடங்கும் இடம், கோடு கிழித்தாற் போன்ற கறுப்பு வெள்ளை எல்லை! குழந்தையின் விழிகள் அங்கே போய் நின்றன. நின்றன என்றால், நம் மூன்று அட்டைக்கும் கிடைக்காத நிலைப்பு அது. அப்பத்தா தலையைச் சற்று இப்புறம் அசைத்தால் இப்புறம் வந்தன. அப்புறம் அசைத்தால் அப்புறம்.

"என்னையவா பாக்குறா?" என்று கேட்டார் அப்பத்தா. நம்மைக் கேட்டாரா, தம்மையே கேட்டுக்கொண்டாரா, தெரியவில்லை. "உங்களைத்தான்" என்றோம்.

இதற்கும் ஆராய்ச்சி விளக்கம் உண்டு. 1976இல் மாரர், சலபாட்டெக் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வு: ஒரு மாதக் குழந்தை முகத்தைப் பார்க்கும்போது பெரும்பாலும் அதன் வெளிவிளிம்பையே — மயிரும் நெற்றியும் சேரும் இடத்தை, முகவாயை — பார்க்கிறது; இரண்டு மாத அளவில்தான் கண், வாய் என்று உள்ளே வருகிறது. ஆகவே, வெண்மயிரும் கருமுகமும் கொண்ட முதியவர் அந்த மாதத்துக் குழந்தைக்கு மிகச் சிறந்த காட்சி. எந்த முகம் எதிரே வந்தால் காரியம் கெடும் என்று ஊர் ஒதுங்கி நடந்ததோ, அந்த முகத்தைத்தான் ஊரின் மிகப் புதிய கண் தேர்ந்தெடுத்துப் பார்த்தது. சகுனம் பார்க்க அதற்கு இன்னும் யாரும் கற்பிக்கவில்லை.

மறுநாள் அம்மா ஏதோ முணுமுணுத்தார். அக்காள், "அப்பத்தாவிடம் இருந்தால்தான் இவள் அழுவதில்லை" என்று முடித்துவிட்டார். பிறகு முற்பகல் வேளை அப்பத்தாவுடையது ஆயிற்று. அவருடைய பழைய கண்டாங்கிச் சேலை ஒன்று, மணமான புதிதிலே உடுத்தியது, பெட்டியின் அடியிலே கிடந்தது. பெரிய பெரிய கட்டம் போட்டது. அதை எடுத்துத் தூளி கட்டினார்கள். தூளிக்குள் கிடக்கும் குழந்தைக்கு இருபுறமும் துணிதானே காட்சி; வெறும் துணியைவிடக் கட்டம் போட்ட துணி மேல் அல்லவா?

இந்த இடத்தில் இன்னொரு மூடத்தனத்தையும் சொல்லிவிட வேண்டும், இது புதுச்சரக்கு. கறுப்பு வெள்ளை அட்டைகளை வழவழப்பாக அச்சடித்து, பெட்டியிலிட்டு, 'உங்கள் குழந்தை மேதையாகும்' என்று விற்கிறார்கள். நூற்றுக்கணக்கில் விலை. அட்டை பார்த்த குழந்தை அறிவிலே மிகுந்தது என்று மெய்ப்பித்த ஆய்வு கிடையாது. விழித்திருக்கும் குழந்தைக்குப் பார்க்கத்தக்க ஒன்றைத் தருகிறோம், கூடவே நாமும் இருக்கிறோம், பேசுகிறோம் — அவ்வளவே பயன். அது சிறிய பயனும் அன்று. பழைய பூசாரி விபூதியை மடித்துக் கொடுத்தான். புதிய வணிகன் அட்டையை மடித்துக் கொடுக்கிறான். பெற்றோரின் அச்சம்தான் இருவருக்கும் முதல்! கைப்பேசியிலே கறுப்பு வெள்ளைப் படம் ஓடவிட்டுக் குழந்தை முகத்தருகே பிடிப்போரும் உளர். ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் திரைக்காட்சி வேண்டவே வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் அறிவித்திருக்கிறது. சன்னலைத் திறந்து, மென்மையான பகல் வெளிச்சத்திலே, பழைய நாட்காட்டி அட்டையின் பின்புறத்தில் கரியால் நான்கு பட்டை தீட்டினால் போதும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: கயிறு கட்டித் தூளிக்குள்ளோ தொட்டிலுக்குள்ளோ தொங்கவிடக் கூடாது, குழந்தையின் கழுத்திலே சுற்றிக்கொள்ளும். கையிலே பிடித்துக் காட்டுவதே முறை.

அட்டையால் ஆகாதது ஒன்று உண்டு; அதைச் சொல்லத்தான் இவ்வளவு தொலைவு வந்தோம். கண்ணிலே குறையோடு பிறக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். பிறவிக் கண்புரையால் கண்மணி வெளுத்து, ஒளி உள்ளே நுழையாமல் கிடப்பவர்கள். அவர்களுக்குக் காலம் பொன்னினும் பெரிது. ஹியூபல், வீசல் என்னும் இரு அறிஞர் பூனைக்குட்டிகளைக் கொண்டு அதை விளக்கினர். பிறந்த முதல் மூன்று மாதத்திற்குள் ஒரு கண்ணை மூடித் தைத்து, பிறகு திறந்துவிட்டால், கண் நன்றாகவே இருந்தாலும் மூளை அந்தக் கண்ணின் செய்தியை ஏற்பதில்லை. வளர்ந்த பூனைக்கு அவ்வாறே செய்தாலோ கேடு இல்லை. 1981இல் அவர்களுக்கு நோபெல் பரிசு. மனிதக் குழந்தைக்கும் அதே நியதி: அடர்ந்த பிறவிப் புரையை முதல் ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் அகற்றினால் பார்வை தேறும் வாய்ப்பு மிகுதி. பிள்ளைக்குக் கண் தெரியாத வயதுதானே, தலை நிற்கட்டும், பேர் வைக்கட்டும், குலதெய்வத்துக்கு முடி இறக்கட்டும் என்று காத்திருந்தால், அந்த எட்டு வாரம் திரும்பி வராது. 'பிறந்த குழந்தைக்குக் கண் தெரியாது' என்ற அந்தப் பழம்பேச்சு வெறும் அறியாமை அன்று. கண்ணைப் பறிக்கும் அறியாமை.

அத்தகைய புரைக்கு ஒரு காரணம், கருவுற்ற தாய்க்கு வரும் ருபெல்லா அம்மை. ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் 1941இலேயே கண்டு சொன்னது. அதைத் தடுக்கும் ஊசியைத் தமிழ்நாட்டிலே 2017 பிப்ரவரியில் பள்ளி பள்ளியாகப் போட வந்தபோது, ஊசியைப் பற்றிப் பொய்ச்செய்திகள் கைப்பேசி வழியே பறந்ததையும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்தி வைத்தவர்கள் இருந்ததையும் மறந்துவிட முடியுமா?

குறைமாதத்திலே பிறந்த குழந்தைகளின் நிலை இன்னும் நெருக்கடி. 34 வாரத்துக்கு முன் பிறந்தாலும், 2000 கிராமுக்குக் குறைந்த எடையோடு பிறந்தாலும், விழித்திரையிலே குருதிக்குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வையைக் கெடுக்கும் நோய் வரக்கூடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பிறந்த 30 நாளுக்குள் கண் மருத்துவர் விழித்திரையை ஆய்ந்து பார்க்க வேண்டும். மிகச் சிறிய குழந்தையானால் அதற்கும் முன்னே. 2013 முதல் நாடெங்கும் நடக்கும் அரசின் குழந்தை நல ஆய்வுத் திட்டத்திலே, பிறவிப் புரையும் இந்த விழித்திரை நோயும் தேடிக் கண்டறிய வேண்டியவற்றின் பட்டியலில் உள்ளன. செலவில்லை, கேட்க வேண்டும், அவ்வளவே.

உங்கள் தெருவிலே பேறு நடந்த வீடு இருந்தால் பார்த்து வாருங்கள். கண்மணி கறுப்பாக இல்லாமல் வெள்ளையாய், சாம்பல் நிறமாய் மின்னுகிறதா? ஒளிப்படத்திலே ஒரு கண் மட்டும் வெள்ளையாக விழுகிறதா? மூன்று மாதமாகியும் தாயின் முகத்தைத் தொடர்ந்து பார்க்கவில்லையா? நான்கு மாதம் கடந்தும் கண்கள் ஒன்றையொன்று விட்டு விலகியே நிற்கின்றனவா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த வாரமே கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். போகும்போது அந்த வீட்டிலே பாட்டி யாரேனும் கொல்லைப்புறத்தில் இருக்கிறாரா என்றும் பாருங்கள். குழந்தையை மடியில் ஏந்தி வர அவரையே கூப்பிடுங்கள்.